வரத்துக்குள்தான் எடுக்கிறோம் என்றால் நீர்மட்டம் ஏன் இறங்குகிறது?

கேள்வி: கிணற்றுத்தவளை

அனைவருக்கும் வணக்கம். நான் நீரியல் படித்தவன் அல்லன். ஒரு தன்னார்வக் குழுவுக்காக, ஓர் ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீர்க் கணக்கறிக்கையைப் படித்து எளிய நடையில் விளக்கி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று வாரங்களாகப் படித்தும் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

அறிக்கையின் மையமான கணக்கு இதுதான்: மழையாலும் பாசனக் கசிவாலும் ஆண்டுதோறும் நிலத்துக்குள் இறங்கும் நீரை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், கிணறுகள் வழியாக எடுக்கப்படுவது 70 பங்கு. மீதி 30 பங்கு இருப்பதால் இந்தப் படுகை பாதுகாப்பான நிலையில் உள்ளது என்று அறிக்கை முடிவு சொல்கிறது. ஆனால் அதே அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகளைப் பார்த்தால், 12 ஆண்டுகளாகப் பெரும்பாலான கிணறுகளில் நீர்மட்டம் சீராக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு கோடையிலும் ஓடிய ஊற்று ஒன்று வறண்டுவிட்டதாகவும் ஒரு வரி இருக்கிறது. இந்தக் காலத்தில் மழை குறைந்ததாகப் பதிவுகளில் தெரியவில்லை.

இதுவரை நான் நிலத்தடி நீரை வங்கியில் இட்ட வைப்புத்தொகையைப் போலவே எண்ணிவந்தேன். வட்டியை மட்டும் எடுத்துச் செலவழித்தால் முதல் குறையாது. வட்டியிலும் 30 பங்கை மிச்சம் வைக்கிறோம் என்றால் முதல் வளரத்தான் வேண்டும். அப்படியிருக்க, முதல் எப்படிக் கரைகிறது? கணக்குப் போட்டவர்கள் தவறிவிட்டார்களா, அல்லது "உள்ளே போவதைவிடக் குறைவாக எடுத்தால் போதும்" என்ற இலக்கணமே தவறானதா? தெரிந்தவர்கள் சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஊற்றுக்கண்

நண்பரே, கணக்கிலும் பிழை இருக்கலாம்; அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். ஆனால் கணக்கு முழுக்கச் சரியாகவே இருந்தாலும் தாங்கள் கண்ட முரண்பாடு தோன்றக்கூடும் என்பதால், இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

தங்கள் வங்கி உவமையில் ஒரு குறை உண்டு. தாங்கள் கணக்கைத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, அந்த வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் வேறொருவர் எடுத்துக்கொண்டிருந்தார். கிணறே இல்லாத காலத்தில் ஒரு நீர்த்தாங்கிக்குள் (நிலத்தடியில் நீரைத் தேக்கிக் கடத்தும் மண் அல்லது பாறை அடுக்குக்குள்) ஆண்டுக்கு 100 பங்கு நீர் இறங்கியது என்றால், நீண்டகாலச் சராசரியில் அந்த 100 பங்கும் எங்கோ வெளியேறிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போய் நிலத்தின் மேல் வந்து நின்றிருக்கும். வெளியேறிய அந்த நீரே ஆற்றின் கோடைக்கால ஓட்டம், ஊற்று, சதுப்பு நிலம், ஆழ வேரோடிய மரங்கள் உறிஞ்சிய ஈரம், கடலடியில் கசிந்த நன்னீர். அதாவது, தங்கள் அறிக்கை மிச்சம் என்று காட்டும் 30 பங்கு மட்டுமன்று, எடுக்கப்படும் 70 பங்கும் முன்பே செலவாகிக்கொண்டிருந்த நீர்தான்.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சார்லஸ் தைஸ் என்பவர் 1940ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். கிணற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு துளியும் மூன்றே இடங்களிலிருந்துதான் வர முடியும் என்பது அவர் விளக்கம்: ஒன்று, சேமிப்பு குறைய வேண்டும், அல்லது இயற்கையாக வெளியேறிய நீர் குறைய வேண்டும், அல்லது முன்பு உள்ளே வராத நீர், எடுத்துக்காட்டாக ஆற்றின் அடித்தளத்தின் வழியே, புதிதாக உள்ளே இழுக்கப்பட வேண்டும். முதல் நாளில் முழு நீரும் சேமிப்பிலிருந்துதான் வரும். கிணற்றைச் சுற்றிக் கூம்பு வடிவில் இறங்கும் நீர்மட்டப் பள்ளம் மெல்ல விரிந்து, ஓர் ஊற்றையோ ஆற்றையோ சதுப்பையோ எட்டி, அங்கே போக வேண்டிய நீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட பிறகுதான் சேமிப்பு கரைவது நிற்கும்.

ஆகவே தங்கள் படுகையில் 70 பங்கு எடுத்தும் நீர்மட்டம் நிலைத்து நிற்க வேண்டுமானால், புதிய வரத்து ஏதும் இல்லாத நிலையில், வெளியேற்றம் 100 பங்கிலிருந்து 30 பங்காகக் குறைந்தாக வேண்டும். அந்தக் குறைப்பை நிகழ்த்துவதே நீர்மட்ட வீழ்ச்சிதான். மட்டம் இறங்காமல் வெளியேற்றம் குறையாது. ஊற்று வறண்டது என்ற வரி பின்னிணைப்பில் ஒரு துணைத் தகவலாக வந்திருக்கிறது. உண்மையில் அந்த 70 பங்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதியே அந்த வரி.

உள்ளே போகும் அளவையே எடுக்கும் அளவுக்கு வரம்பாகக் கொள்வதை, நீரியலாளர் ஜான் பிரெடஹோஃப்ட்டும் அவருடைய இரண்டு சகாக்களும் 1982இல் எழுதிய கட்டுரையில் ஒரு கட்டுக்கதை என்றே குறிப்பிட்டார்கள். அது எழுதப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் அந்தக் கட்டுக்கதையை வைத்தே அறிக்கைகள் எழுதப்படுகின்றன என்பது எனக்குச் சற்று வருத்தம் தரும் செய்தி.

வேறு வழியில் வரம்பு வகுத்த இடங்களும் உண்டு. டெக்சாஸில் உள்ள எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி சுண்ணாம்புப் பாறையால் ஆனது. 1950களின் கடும் வறட்சியில், எடுப்பும் சேர்ந்துகொள்ள, அதன் கோமல் ஊற்றுகள் 1956இல் சில மாதங்கள் முற்றிலும் நின்றுபோயின. பின்னாளில் அந்த ஊற்றுகளில் மட்டும் வாழும் உயிரினங்களைக் காக்கத் தொடுக்கப்பட்ட வழக்கின் விளைவாக 1993இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டு எடுப்புக்கு இப்போது 572,000 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) என்ற உச்சவரம்பு இருக்கிறது. வறட்சியில் ஊற்றின் ஓட்டம் தளரும்போது எடுப்பையும் குறைத்தாக வேண்டும். அங்கே "எவ்வளவு உள்ளே போகிறது" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எவ்வளவு வெளியே வர வேண்டும்" என்று கேட்டு வரம்பு குறித்தார்கள்.

மறுமொழி 2: படுகை

மேலே எழுதியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதில் காலம் என்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். தங்கள் 12 ஆண்டு வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள அது இல்லாமல் முடியாது.

கிணற்றின் பாதிப்பு ஆற்றை எட்ட ஆகும் காலத்தைத் தோராயமாக மதிப்பிட ஓர் எளிய வாய்பாடு உண்டு. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கத்தை நீர்த்தாங்கியின் சேமிப்புக் கெழுவால் (மட்டம் ஓர் அலகு இறங்கினால் ஓர் அலகுப் பரப்பிலிருந்து எவ்வளவு நீர் கிடைக்கும் என்ற எண்) பெருக்கி, அதன் நீர்கடத்து திறனால் (அடுக்கு முழுவதும் சேர்ந்து எவ்வளவு எளிதாக நீரைக் கடத்துகிறது என்ற அளவு) வகுக்க வேண்டும். சேமிப்புக் கெழு 0.2, நீர்கடத்து திறன் நாளுக்கு 500 சதுர மீட்டர் கொண்ட ஒரு நல்ல மணல் படுகையை எடுத்துக்கொள்வோம். கிணறு ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டரில் இருந்தால் விடை 400 நாள். 10 கிலோமீட்டரில் இருந்தால் 40,000 நாள், அதாவது ஏறத்தாழ 110 ஆண்டு. தூரம் பத்து மடங்கு கூடினால் காலம் நூறு மடங்கு கூடுகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அதே 10 கிலோமீட்டரில், களிமண் மூடியின் கீழே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர்த்தாங்கியாக இருந்து சேமிப்புக் கெழு 0.0001 ஆகுமானால், விடை வெறும் 20 நாள்.

எனவே தங்கள் படுகையில் நீர்மட்டம் 12 ஆண்டுகளாக இறங்குவதை மட்டும் வைத்து, அது என்றென்றும் இறங்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரு புதிய சமநிலையை நோக்கிப் போகிறது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டுமே நடக்கக்கூடியவை. வீழ்ச்சியின் வேகம் ஆண்டுக்காண்டு தணிந்துவருகிறதா, அப்படியேவா, கூடுகிறதா என்று வரைபடம் போட்டுப் பாருங்கள். எடுப்பு மாறாதிருக்கும்போது வளைவு தட்டையாகிக்கொண்டு வந்தால், எங்கோ வெளியேறிய நீர் கிணறுகளின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தத் தாமதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நிர்வாகிகள் அதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஆறு வறண்டதைப் பார்த்துவிட்டுக் கிணறுகளை இன்றே நிறுத்தினாலும், ஏற்கெனவே உருவான பள்ளம் நிரம்பும் வரை ஆறு நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். நிறுத்திய பிறகும் சில காலம் ஆற்றின் இழப்பு கூடிக்கொண்டே போய் உச்சத்தை எட்டுவதும் உண்டு. இப்படிப்பட்ட படுகையில் அறிகுறி தோன்றிய பிறகு நடவடிக்கை எடுப்பது என்ற கொள்கைக்கு இடமே இல்லை. தாத்தா தோண்டிய கிணற்றுக்கான விலையைப் பேரன் காலத்து ஆறுதான் கொடுக்கும்.

மறுமொழி 3: அளவுகோல்

நான் சற்று மாறுபடுகிறேன். மேலே எழுதிய இருவரும் விகிதக் கணக்கைப் பயனற்றது என்று தள்ளிவிடுவது போலத் தோன்றுகிறது. 70 விழுக்காடு என்பது பாதுகாப்பு என்று சொல்லவில்லை என்பது சரி. ஆனால் 130 விழுக்காடு என்று வந்தால், ஊற்றும் ஆறும் முழுக்க வறண்ட பிறகும் சேமிப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும் என்று அது உறுதியாகச் சொல்கிறது. வெளியேற்றத்தில் நூறையும் பிடித்தாலும் நூற்றுமுப்பது கிடைக்காது அல்லவா? புதிதாக ஆற்றிலிருந்து நீர் இழுக்கப்பட்டால் ஒழிய அங்கே சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. மேல்வரம்பு என்ற அளவில் வரத்து மிக முக்கியமான எண்ணே. ஆயிரக்கணக்கான வட்டாரங்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டிய ஓர் அரசுக்கு அதைவிட எளிய கருவி கிடைக்காது.

கேட்டவரின் முதல் கேள்விக்கு வருகிறேன். கணக்கு எங்கே தவறியிருக்கும்? முதலில் அந்த 100 எப்படி வந்தது என்று பாருங்கள். பல இடங்களில் மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, ஏற்றத்தைப் பரப்பளவாலும் பாறையின் நீர் விடும் திறனாலும் (அதன் கனஅளவில் எத்தனை பங்கு நீர் வடிந்து வெளிவரும் என்ற அளவு) பெருக்கி வரத்தைக் கணிக்கிறார்கள். இதில் மட்டத்தை நாடா வைத்து அளந்துவிடலாம். பரப்பளவு வரைபடத்தில் இருக்கிறது. நீர் விடும் திறன் மட்டும் பெரும்பாலும் அட்டவணையைப் பார்த்து எடுத்துக்கொண்ட எண்ணாகவே இருக்கும். நீர்மட்டம் 4 மீட்டர் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். சிதைந்த கருங்கல் பாறைக்கு அந்தத் திறனை 1.5 விழுக்காடு என்று எடுத்தால் வரத்து 60 மில்லிமீட்டர். 3 விழுக்காடு என்று எடுத்தால் 120 மில்லிமீட்டர். இரண்டுமே ஏற்கத்தக்க மதிப்புகள்தான். ஆனால் ஒன்றில் தங்கள் 70 விழுக்காடு 70ஆகவே நிற்கும். மற்றொன்றில் அது 140 ஆகிவிடும். கணக்கு எழுதியவர் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதியிருந்தாலும் இந்த ஐயம் தீராது.

எடுக்கும் பக்கத்திலும் இதே நிலைதான். பாசனக் கிணறுகளில் நீர்மானி பொருத்தியிருப்பது அரிது. கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு கிணற்றின் சராசரி எடுப்பால் பெருக்கி எழுதியிருப்பார்கள். மேலடுக்கில் கண்காணிப்புக் கிணறும் கீழடுக்கில் ஆழ்துளைக் கிணறுகளும் இருந்தால், அளப்பது ஒரு நீரை, எடுப்பது இன்னொரு நீரை என்ற நிலையும் உண்டு.

விண்ணிலிருந்து அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் இதைத் தீர்த்துவிட்டன என்று சிலர் எண்ணுகிறார்கள். 2002இல் ஏவப்பட்ட அந்த இரட்டைக் கோள்கள் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று தொடர்ந்து பறந்து, தமக்கிடையே உள்ள தூரம் நுணுக்கமாக மாறுவதைக் கொண்டு கீழே உள்ள நிறை மாற்றத்தைக் கணித்தன. இந்தியாவின் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது என்று நாசா ஆய்வாளர் மெத்யூ ரோடெல் குழுவினர் 2009இல் வெளியிட்டது அந்த அளவீட்டைக் கொண்டுதான். மிகப் பெரிய பணி. ஆனால் அதன் பார்வை பல நூறு கிலோமீட்டர் அகலமானது. ஒரு சிறு படுகையின் கணக்கை அதைக் கொண்டு சரிபார்க்க நினைப்பது, லாரியை எடைபோடும் மேடையில் மோதிரத்தை வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

மறுமொழி 4: களிமண்

மூவரும் சேமிப்பு என்ற சொல்லைப் பாத்திரத்தைப் போலப் பயன்படுத்துகிறார்கள்: காலியானால் மீண்டும் நிரப்பலாம் என்ற பொருளில். மணலுக்கும் சரளைக்கும் அது பெரிதும் பொருந்தும். களிமண் அடுக்குகள் இடையிடையே வந்தால் பொருந்தாது.

களிமண்ணுக்குள் இடைவெளி மிகுதி, சில வேளை அதன் கனஅளவில் பாதி அளவுக்கு. அந்த நுண்துளைகளில் உள்ள நீரழுத்தம் மேலே உள்ள மண்ணின் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மணலிலிருந்து நீரை எடுத்து அழுத்தத்தைக் குறைத்தால், களிமண்ணிலிருந்தும் நீர் மெல்லக் கசிந்து வெளியேறும், தட்டையான அதன் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகும், நிலம் அமிழும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்தத் துகள்கள் பழையபடி விலகி நிற்பதில்லை. நீர் மட்டுமல்ல, நீர் இருந்த இடமும் போய்விடுகிறது.

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1925க்கும் 1977க்கும் இடையில் ஓரிடத்தில் நிலம் 8.5 மீட்டருக்கு மேல் இறங்கியது. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் இருக்கிறது. அதன் சில பகுதிகள் இன்றும் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை இறங்குவதை ராடார் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலப் பகுதி 20ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. அங்கே 1956லும் 1962லும் கொண்டுவந்த சட்டங்களும் பின் வந்த கட்டுப்பாடுகளும் எடுப்பைக் குறைத்தன. நீர்மட்டம் உண்மையிலேயே ஏறியது. அதில் வேடிக்கை என்னவென்றால், மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டப்பட்ட ஆழ்நிலத்தடி ரயில் நிலையங்களை ஏறிவந்த நீர் மேலே தூக்கத் தொடங்கியது. உவேனோ நிலையத்திலும் டோக்கியோ நிலையத்திலும் எடைகளை ஏற்றியும் நங்கூரக் கம்பிகளை இறக்கியும் கட்டடத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. நீர் திரும்பி வந்தது. அமிழ்ந்த நிலம் திரும்பி எழவில்லை.

கடலோரப் படுகையாக இருந்தால் வேறொரு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்னீர் உவர்நீரைவிட எடை குறைந்தது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் தங்கியிருக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 மீட்டர் ஏறிவரும். இத்தகைய இடத்தில் வரத்து விகிதம் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருப்பதைவிட, கடற்கரை ஓரக் கிணற்றில் மட்டம் எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று முடிவு செய்வதே பயன் தரும்.

கலிபோர்னியா 2014இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் ஏறத்தாழ இந்த வழியில்தான் போகிறது. நிலைத்த பயன்பாட்டை அது ஒரே எண்ணால் வரையறுக்கவில்லை. நீர்மட்டம் தொடர்ந்து தாழ்வது, சேமிப்பு குறைவது, கடல்நீர் புகுவது, நீரின் தரம் கெடுவது, நிலம் அமிழ்வது, தொடர்புள்ள ஆறுகள் வற்றுவது என்ற ஆறு கேடுகளும் பொறுக்க முடியாத அளவை எட்டாதபடி பயன்படுத்துவதே நிலைத்த பயன்பாடு என்கிறது. எது பொறுக்க முடியாத அளவு என்பதை அந்தந்தப் படுகையின் மக்களும் அமைப்புகளும் குறித்தாக வேண்டும்.

மீண்டும்: கிணற்றுத்தவளை

எல்லோருக்கும் நன்றி. வங்கி உவமையை என் வரைவிலிருந்து நீக்கிவிட்டேன். நண்பர் சொன்னபடி நான்கு கிணறுகளுக்கு வரைபடம் போட்டுப் பார்த்தேன். ஆற்றுக்கு அருகே உள்ள இரண்டில் வளைவு தட்டையாகிவிட்டது. மேட்டுப் பகுதியில் உள்ள இரண்டில் இறக்கம் அதே வேகத்தில் தொடர்கிறது.

அறிக்கையின் கடைசிப் பகுதி இரண்டு தீர்வுகளை முன்வைக்கிறது: பாசனம் முழுவதையும் சொட்டுநீர் முறைக்கு மாற்றுவது, மழைநீரைச் செறிவூட்டும் குழிகளை மிகுதியாக அமைப்பது. இவை இரண்டும் போதுமா? இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். மழை வரத்தே இல்லாத பழைய நீர் இருக்கும் இடங்களில் நிலைத்த பயன்பாடு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

மறுமொழி 5: வரப்பு

கடைசிக் கேள்விக்கு முதலில் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் கீழே ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்துள்ள நூபிய மணற்பாறை நீர்த்தாங்கியில் இருப்பது, சகாரா ஈரமாக இருந்த பழங்காலங்களில் இறங்கிய நீர். அங்கே எடுப்பது கனிமத்தைத் தோண்டி எடுப்பது போன்றதே. நிலைத்தது என்ற சொல்லை அங்கே பயன்படுத்துவது நேர்மையாகாது. எத்தனை தலைமுறைக்கு, எந்தப் பயனுக்கு, தீர்ந்த பிறகு என்ன என்ற கேள்விகளே பொருத்தமானவை. பாலைவனம் தொலைவில் இருப்பதால் நமக்கென்ன என்றும் இருக்க முடியாது. பூமியின் மேலோட்டில் முதல் 2 கிலோமீட்டர் ஆழத்துக்குள் உள்ள நிலத்தடி நீரில் கடந்த 50 ஆண்டுகளுக்குள் இறங்கியது 6 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கணித்தது. ஆழத்துக்குத் துளையிடத் துளையிட, இந்த ஆண்டு மழையோடு தொடர்பில்லாத நீரைத்தான் தொடுகிறோம்.

சொட்டுநீர்ப் பாசனம் பற்றி விரிவாக எழுத வேண்டும்; நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு அங்கேதான் மிகுதி. வாய்க்கால் வழியாகப் பாயும் நீரில் பயிர் குடித்தது போக மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதி ஆவியாகிறது. மற்றொரு பகுதி வேருக்குக் கீழே இறங்கி அதே நீர்த்தாங்கிக்குத் திரும்புகிறது. தங்கள் அறிக்கையின் 100 பங்கில் பாசனக் கசிவும் சேர்ந்திருக்கிறது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். சொட்டுநீர் முறை வந்தால் எடுப்பு குறையும், கூடவே கசிவும் குறையும். படுகைக்கு உண்மையான சேமிப்பு என்பது பயிரும் மண்ணும் ஆவியாக்கி விண்ணுக்கு அனுப்பும் நீர் குறைந்தால் மட்டுமே. அந்த அளவு குறையாதபோது, மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததைச் சேமிப்பு என்று எழுதுவது, ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றிவிட்டு வரவு என்று எழுதுவதற்குச் சமம். மின்சாரமும் உரமும் மிச்சமாகும், அதை மறுக்கவில்லை.

நடைமுறையில் நிலைமை இன்னும் ஒரு படி மோசமாகிறது. கையில் நீர் மிஞ்சுகிறது என்று கண்ட உழவர் கூடுதல் நிலத்துக்குப் பாய்ச்சுகிறார், அல்லது நீர் மிகுதியாகக் குடிக்கும் பயிருக்கு மாறுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மானியம் கொடுத்துத் திறன்மிக்க தெளிப்பு முனைகளுக்கு மாற்றியபோது நிலத்தடி நீர் எடுப்பு குறைவதற்கு மாறாகக் கூடியது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மாநிலத்தில் ஷெரிடன் 6 என்று அழைக்கப்படும் பகுதியின் உழவர்கள் வேறு வழியில் போனார்கள். ஒகல்லாலா நீர்த்தாங்கி தங்கள் காலத்திலேயே தீர்ந்துவிடும் என்று கண்டு, 2013 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு எடுப்பில் 20 விழுக்காட்டைக் குறைப்பது என்று தாங்களே முன்மொழிந்து அரசின் ஒப்புதலைப் பெற்றார்கள். கிணறுதோறும் நீர்மானி இருந்தது. ஐந்து ஆண்டுக்கான ஒதுக்கீட்டை எந்த ஆண்டில் எவ்வளவு பயன்படுத்துவது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். இலக்கைத் தாண்டியே குறைத்தார்கள். நீர்மட்ட இறக்கம் தணிந்தது. 2018இல் திட்டத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள். கருவிகள் அங்கேயும் இருந்தன. முதலில் வரம்பு வந்தது, பிறகு கருவி அந்த வரம்புக்குள் பிழைக்க உதவியது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் பலன் கிடைப்பது அரிது.

செறிவூட்டும் குழிகளைப் பற்றிக் கேட்டால், நீர் எங்கிருந்து வருகிறது என்பதே என் முதல் கேள்வி. கடலுக்கோ உவர்நிலத்துக்கோ வீணே போகும் வெள்ளமாக இருந்தால் மிக நல்லது. கீழ்ப்பகுதியில் ஒருவருக்குப் போய்ச் சேர வேண்டிய நீராக இருந்தால் அது இடமாற்றம் மட்டுமே. ஆற்றோரத்தில் மட்டம் உயர்ந்திருக்கும் இடத்தில் குழி வெட்டினால், இறங்கிய நீர் சில வாரங்களில் மீண்டும் ஆற்றுக்கே கசிந்துவிடும். முறையாகச் செய்தால் பயன் உண்டு என்பதற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி சான்று: 1970களிலேயே அங்கே கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்து, கடல்நீர் உட்புகாதபடி கரையோரக் கிணறுகளில் செலுத்தினார்கள், 2008 முதல் பெரிய அளவில் அதைத் தொடர்கிறார்கள். ஆனால் அது நன்கு அளந்து, நீரின் தரம் பார்த்து, ஆண்டு முழுவதும் பராமரிக்கும் பெரும் பணி. வெட்டிவிட்டுப் போன குழி, வண்டல் படிந்து இரண்டு மூன்று மழைக்காலத்தில் வேலை செய்யாமல் நின்றுவிடும்.

மீண்டும்: கிணற்றுத்தவளை

இவ்வளவையும் படித்த பிறகு அறிக்கையின் அட்டவணைகளை மீண்டும் புரட்டினேன். இயற்கை வெளியேற்றத்துக்கு அங்கே ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. மொத்த வரத்தில் 10 விழுக்காட்டை அதற்கென்று கழித்துவிட்டு வந்த எண்ணே அந்த 100. அந்தப் பத்து எங்கும் அளக்கப்பட்டதன்று. வழிகாட்டு நெறிப்படி ஒதுக்கப்பட்டது என்று அடிக்குறிப்பு சொல்கிறது. ஊற்று ஓடிய ஆண்டிலும் அதே 10 விழுக்காடு கழிக்கப்பட்டிருக்கிறது. வறண்ட ஆண்டிலும் அதே 10 விழுக்காடு. ஊற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை 70தான்.

மறுமொழி 6: ஊற்றுக்கண்

இப்படி ஒதுக்கும் பழக்கம் பரவலானதுதான். இந்தியாவின் அரசு மதிப்பீட்டு நெறியிலும் 5 அல்லது 10 விழுக்காடு இப்படிக் கழிக்கப்படுகிறது. தங்கள் விளக்கத்தில் அந்த அடிக்குறிப்பை மேலே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். அதோடு ஒரு பணி செய்ய முடியுமா என்று பாருங்கள்: அந்த ஆற்றில் பழைய ஓட்ட அளவு நிலையம் ஏதேனும் இருந்திருந்தால், ஆழ்துளைக் கிணறுகள் பெருகுவதற்கு முன்பிருந்த கோடை மாதங்களின் ஓட்டப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். மழை பெய்யாத மாதத்தில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான் என்பதால், அன்றைய கோடை ஓட்டத்துக்கும் இன்றையதற்கும் உள்ள வேறுபாடு, 70 பங்கில் எவ்வளவு ஆற்றிலிருந்து வந்தது என்பதற்கு நேரடிச் சான்றாகும். மேட்டுப் பகுதிக் கிணறுகள் இரண்டும் அதே வேகத்தில் இறங்குவதைப் பார்த்தால், அவற்றின் பாதிப்பு இன்னும் ஆற்றை எட்டவே இல்லை என்று எண்ணுகிறேன். தூரத்தையும் பாறை வகையையும் தெரிவித்தால் எத்தனை ஆண்டில் எட்டும் என்று சேர்ந்து கணித்துப் பார்க்கலாம்.